ஸ்கீமாவிலிருந்து உருவாகும் நிரலை கிட்டில் (Git) சேர்க்க வேண்டுமா?

புரோட்டோபஃப் ஸ்கீமாவிலிருந்து (தரவின் அமைப்பை விவரிக்கும் கோப்பிலிருந்து) பில்டின்போது உருவாகும் ஜாவா கோப்புகளையும் கமிட் செய்ய வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ஜாவா பில்ட் கருவியான மேவனில் கம்பைல் கட்டத்துக்கு முன்பே ஜெனரேட்-சோர்சஸ் கட்டம் ஓடும். புரோட்டோபஃபின் கம்பைலரான புரோட்டோசி (protoc) அங்கே ஸ்கீமாவைப் படித்து டார்கெட் அடைவுக்குள் கிளாஸ்களை எழுதிவிடும்; ஜாவா கம்பைலர் அவற்றையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளும். கமிட் செய்துவைத்தால், ஒருவர் ஸ்கீமாவை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய நிரலை அப்படியே விட்டுவிடுவார். இன்னொருவர் உருவான கோப்பில் கையை வைப்பார். மறுபடி உருவாக்கும்போது அந்தத் திருத்தம் போய்விடும். இது நிச்சயம் நடக்கும்.

புரோட்டோசியின் பதிப்பை மட்டும் பில்ட் கோப்பில் கட்டாயம் குறிப்பிட்டுவிடுங்கள். அது, நிரல் ஓடும்போது பயன்படும் புரோட்டோபஃப் ரன்டைம் லைப்ரரியைவிடப் புதியதாக இருக்கக் கூடாது.

கோ (Go) மொழியில் லைப்ரரி வெளியிடுபவர்களுக்கு, கமிட் வேண்டாம் என்பது பொருந்தாது. அங்கே 'கோ பில்ட்' தானாக, நிரலை உருவாக்கும் 'கோ ஜெனரேட்'டை இயக்காது. கமிட் செய்தே ஆக வேண்டும்.