அமெரிக்காவில் வீட்டுக்கு வானிலை எச்சரிக்கை ரேடியோ தேவையா, கைப்பேசியே போதாதா?

தேவை. அரசு வானிலைத் துறை ஆபத்தை அறிவித்தால் தானே விழித்து அலறுகிற ரேடியோ அது. ஆனால் வாங்கிவிட்டால் மட்டும் போதாது. வாங்கியும் ஏமாந்தவன் என்ற தகுதியில் சொல்கிறேன்.

நீங்கள் டெக்சாஸ் பக்கம் புதிதாக வந்திருப்பீர்கள். ஆபீஸில் யாரோ வாங்கச் சொல்லியிருப்பார்கள், வீட்டில் தண்டச் செலவு என்றிருப்பார்கள். சரிதானே?

எங்கள் வீடு டாலஸுக்கு வடக்கே ரிச்சர்ட்சனில். ரேடியோவை பிளக்கில் செருகி, டாலஸ் வானிலை ஒலிபரப்பு நிலையத்தின் 162.400 மெகாஹெர்ட்ஸில் வைத்தேன். அத்தோடு சரி. கவுன்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) எண்ணைப் பதியவில்லை. பதியாவிட்டால் அந்த நிலையம் அறிவிக்கிற எல்லா கவுன்டிக்கும் சேர்த்து அலறும். எங்கோ ஓர் ஓடையில் வெள்ளம் என்றால் நடுராத்திரி நம் வீட்டில் ‘கீ...’ என்று ஒரே இழுப்பு, அப்புறம் அந்த இயந்திரக் குரல். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா அதற்கு அசரீரி என்று பெயர் வைத்தார். மூன்றாம் நாள் ராத்திரி பிளக்கைப் பிடுங்கிவிட்டார். உள்ளே பேட்டரி இருந்திருந்தால் அப்போதும் பேசியிருக்கும். அதை டிவி ரிமோட்டுக்கு எடுத்தது நான்தான், அதனால் அம்மாவைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

2019 அக்டோபர் 20, ஞாயிறு இரவு. மகன் கால்பந்தாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான், என் கைப்பேசி மாடியில் சார்ஜில். ஒன்பது மணியைத் தாண்டி எங்கோ சைரன் கேட்டது. தீயணைப்பு வண்டி என்று நினைத்தேன். தெருச் சைரன் வெளியில் இருப்பவர்களுக்கானது, வீட்டுக்குள் கேட்குமென்று நம்பக் கூடாது என்பதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டிக் கத்தியதால்தான் குளியலறைக்குள் ஓடினோம். ஐந்து பேர், மேலே ஒரு மெத்தை. அம்மா தொட்டிக்குள் உட்கார்ந்து முருகா முருகா என்கிறார், எனக்குக் காது அடைக்கிறது. வடக்கு டாலஸில் இறங்கிய அந்த டொர்னேடோ, அதாவது சுழல்காற்று, இஎஃப்-3 வகை; பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை போகும் அளவுகோலில் மூன்று. எங்களுக்கு வேலியோடு போயிற்று.

மறுநாள் முதல் வேலையாக எண்ணைப் பதிந்தேன். ஆறு இலக்கம்: முதலில் வரும் 0 முழு கவுன்டியைக் குறிக்கும், 48 டெக்சாஸ், கடைசி மூன்றும் கவுன்டி. ரிச்சர்ட்சன் இரண்டு கவுன்டிகளில் கிடப்பதால் டாலஸுக்கு 048113, காலினுக்கு 048085, இரண்டுமே வேண்டும். புதுப் பேட்டரியும் போட்டேன். பெரும்பாலும் புதன்கிழமை பகலில் வாராந்திரச் சோதனை வரும்; வரவில்லையென்றால் ரேடியோவைப் பாருங்கள். ‘வாட்ச்’ என்றால் வரக்கூடும், ‘வார்னிங்’ என்றால் வந்தேவிட்டது, இல்லை இதோ வரப்போகிறது. இரண்டையும் ‘எச்சரிக்கை’ என்றே தமிழில் எழுதுகிறவர்களை என்ன சொல்ல.

கைப்பேசி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது மாடியில் கிடக்கும் என்றுதான் சொல்கிறேன். ரேடியோ கம்பெனி எனக்குக் காசும் தரவில்லை.

காசு என்றதும் ஞாபகம் வருகிறது. வேலி விழுந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை, வீட்டு உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம்: புது வேலி அனுமதித்த நிறத்தில்தான் இருக்க வேண்டுமாம். தெருவில் பாதி வீட்டுக்குக் கூரை இல்லை, இவர்களுக்கு நிறம்! அந்தப் பழுப்பைத்தான் அடித்தேன். இன்றுவரை பிடிக்கவில்லை.