ஃபிரிட்ஜ் வாங்கும் முன் படிக்க வேண்டிய ஓர் எண்: குமரி மாவட்ட வாசகர்களுக்குப் பதில்கள்

கடந்த சில வாரங்களாக எனக்கு வந்த கேள்விகளில் பெரும்பங்கு ஃபிரிட்ஜ் பற்றியவை. மிக்சியை ஐந்து நிமிடம் ஓட்டுகிறோம், தண்ணீர் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்டுகிறோம். ஃபிரிட்ஜை ஒருமுறை செருகிவிட்டால் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டுகளுக்கு அது ஓடிக்கொண்டே இருக்கிறது. வாங்கும் அன்று செய்த தவறுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பணம் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறேன். ஊர் இங்கே முக்கியம். முட்டத்துக் காற்று வேறு, குலசேகரத்துக் காற்று வேறு.

நாங்கள் நான்கு பேர். கடையில் மூன்று நட்சத்திரமா, ஐந்து நட்சத்திரமா என்று கேட்கிறார்கள். ஐந்துக்கு 4,000 ரூபாய் கூடுதல். கொடுக்கலாமா? (வடசேரி, நாகர்கோவில்)

நட்சத்திரத்தை எண்ணுவதற்கு முன் அதே லேபிளில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். நட்சத்திரம், ஒரே வகையில் ஏறத்தாழ ஒரே கொள்ளளவு உள்ள பெட்டிகளுக்குள் எது சிக்கனம் என்று மட்டுமே சொல்லும். 400 லிட்டர் ஐந்து நட்சத்திரப் பெட்டி, 190 லிட்டர் மூன்று நட்சத்திரப் பெட்டியைவிடக் கூடுதலாக மின்சாரம் எடுக்கலாம். அதில் முரண் ஒன்றும் இல்லை. ஆகவே முதலில் அளவைத் தீர்மானியுங்கள். நான்கு பேருக்கு 190 முதல் 260 லிட்டர் வரை தாராளம். விருந்தினர் வருவார்கள் என்று 350 லிட்டர் வாங்கி, ஆண்டு முழுவதும் பாதி காலியாக இருக்கும் பெட்டியைக் குளிரவைப்பது வீண்செலவு.

இந்த லேபிளை வழங்குவது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். 2006-இல் தொடங்கிய திட்டம் இது. நட்சத்திரத்துக்கான அளவுகோலை அவ்வப்போது கடுமையாக்குகிறார்கள். 2023 ஜனவரியில் அப்படி ஒரு மாற்றம் வந்தது. பழைய அளவுகோலில் ஐந்து பெற்ற பெட்டி, புதிய அளவுகோலில் ஐந்து பெறாமல் போகலாம். கிடங்கில் கிடந்த பெட்டியைத் தள்ளுபடியில் கொடுத்தால், லேபிளில் உள்ள செல்லுபடிக் காலத்தைப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.

இப்போது கணக்கு. ஒன்றில் 200 யூனிட், மற்றொன்றில் 130 யூனிட் என்று போட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். வேறுபாடு ஆண்டுக்கு 70 யூனிட். யூனிட்டுக்கு 5 ரூபாய் என்றால் மிச்சம் 350 ரூபாய். 4,000 ரூபாயை மீட்கப் பதினொரு ஆண்டுக்கு மேல் ஆகும். ஆனால் எல்லா வீட்டிலும் யூனிட் விலை ஒன்றல்ல. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்தில் முதல் 100 யூனிட் இலவசம், அதன்பின் படிப்படியாக விலை ஏறுகிறது. 500-ஐத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்த சலுகை விலையும் போய்விடுகிறது. நீங்கள் சேமிக்கும் யூனிட், கணக்கின் மேல்படியிலிருந்துதான் கழியும். ஏசி ஓடும் வீடு, 500-ஐத் தொட்டுக்கொண்டிருக்கும் வீடு என்றால் ஐந்து நட்சத்திரம் வாங்குங்கள். இரண்டு மாதத்துக்கு 200 யூனிட்டுக்குள் முடிக்கும் வீடு என்றால் மூன்று நட்சத்திரமே போதும் என்பது என் உறுதியான கருத்து. மிச்சப் பணத்துக்கு நல்ல மின்விசிறி ஒன்று வாங்கலாம்.

சிங்கிள் டோரா, டபுள் டோரா? (தக்கலை)

சிங்கிள் டோர் பெட்டிகளில் பெரும்பாலானவை நேரடியாகக் குளிரும் வகை. விசிறி இல்லை, பனியை உருக்கும் ஹீட்டர் இல்லை. அதனால் மின்சாரம் குறைவு. டபுள் டோரில் விசிறி குளிர்காற்றைச் சுற்றிவிடும், ஹீட்டர் அவ்வப்போது பனியை உருக்கும். அந்த வசதிக்கு யூனிட் செலவாகிறது.

ஆனால் நம் மாவட்டத்துக்கு ஒரு தனிக்கணக்கு உண்டு. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் நமக்குப் பெய்கின்றன. காற்றில் ஈரம் குறைவதே இல்லை. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஈரம் உள்ளே போய் ஃபிரீசர் சுவரில் பனியாகப் படிகிறது. பனி கெட்டியாகப் படிந்தால் கம்பளி போர்த்தியது போலாகிவிடும். குளிர் உணவுக்கு வந்து சேராது, கம்ப்ரசர் ஓய்வில்லாமல் ஓடும். பனி அரை சென்டிமீட்டர் ஆவதற்குள் உருக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குச் சிங்கிள் டோர்தான் சிக்கனம். அந்தப் பொறுமை இல்லாத வீட்டில் டபுள் டோர் நல்லது.

உருக்கும்போது கத்தி வேண்டாம். உறவினர் வீட்டில் கண்ணெதிரே பார்த்தேன். பனிக்குள் இறுகிப்போன மீன் பொட்டலத்தைக் கத்தி முனையால் நெம்பினார்கள். ‘புஸ்’ என்று ஒரு சத்தம், எண்ணெய் வாடை, அலுமினியத் தகட்டில் கடுகளவு ஓட்டை. அவ்வளவுதான், புதுப் பெட்டி பாழ். இப்போது வரும் வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் ஐசோபியூட்டேன் என்ற வாயுவே இருக்கிறது. ஓசோன் படலத்தைக் கெடுக்காத, மின்சாரத்தையும் மிச்சப்படுத்தும் வாயுதான். ஆனால் தீப்பிடிக்கும் தன்மை கொண்டது. அப்படி ஓட்டை விழுந்துவிட்டால் ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள். அருகில் தீக்குச்சி கிழிக்கவோ சுவிட்சைத் தொடவோ வேண்டாம்.

மாலையில் வோல்டேஜ் மிகவும் குறைகிறது. இன்வெர்ட்டர் ஃபிரிட்ஜ் வாங்கினால் ஸ்டெபிலைசர் வேண்டாம் என்கிறார்கள். உண்மையா? (குலசேகரம்)

பாதி உண்மை. இன்வெர்ட்டர் கம்ப்ரசர் என்பது வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் கம்ப்ரசர். பழைய வகை முழு வேகத்தில் ஓடும், நிற்கும், மறுபடி முழு வேகத்தில் புறப்படும். புறப்படும்போதெல்லாம் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். இன்வெர்ட்டர் வகை மெதுவாகத் தொடங்கி மெதுவாகவே ஓடிக்கொண்டிருக்கும். சத்தமும் குறைவு, யூனிட்டும் குறைவு. பவர்கட்டில் பயன்படும் இன்வெர்ட்டர் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

ஸ்டெபிலைசர் இல்லாமல் எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை ஓடும் என்பது பெட்டியின் கையேட்டில் இருக்கும். மின்பணியாளரை மாலை ஏழு மணிக்கு வரச்சொல்லி, ஃபிரிட்ஜ் செருகும் இடத்தில் வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்கள். பகலில் அளந்து பயனில்லை. கையேட்டின் எல்லைக்குள் இருந்தால் ஸ்டெபிலைசர் தேவையில்லை. கீழே போனால் கட்டாயம் வாங்குங்கள்.

புதுப் பெட்டியின் இரண்டு பக்கமும் சுடுகிறது. பழுதா? (மார்த்தாண்டம்)

இல்லை. உணவிலிருந்து எடுத்த வெப்பத்தை வெளியே விடும் குழாய்கள் பக்கச் சுவருக்குள் ஓடுகின்றன. அந்தச் சூடு வெளியேற இடம் கொடுங்கள். பின்னாலும் பக்கத்திலும் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். அலமாரிக்குள் செருகி மூடிவிட்டால் கம்ப்ரசர் தன் சூட்டிலேயே தவிக்கும்.

கடற்கரையிலிருந்து நூறு மீட்டரில் வீடு. ஐந்தே ஆண்டில் பின்புறக் கம்பிவலை துருப்பிடித்து வாயு கசிந்துவிட்டது. அடுத்ததை எப்படித் தேர்ந்தெடுப்பது? (முட்டம்)

உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. உப்புக்காற்று படும் வீட்டில் பின்புறம் திறந்து கிடக்கும் கருப்புக் கம்பிவலை நீண்டநாள் தாங்காது. குழாய்களைச் சுவருக்குள் மறைத்த பெட்டியை வாங்குங்கள். அதற்கும் ஒரு குறை உண்டு. உள்ளே கசிவு வந்தால் நுரைக் காப்பை அறுக்காமல் பழுதுபார்க்க முடியாது. என்றாலும் கடலோரத்துக்கு அதுதான் பொருத்தம். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். கால்கள் தரை ஈரத்தில் நிற்காதபடி பிளாஸ்டிக் தாங்கியின் மேல் ஏற்றுங்கள். மாதம் ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தையும் அடிப்பாகத்தையும் துடைத்து, உலர்த்திய பின் செருகுங்கள். கடல் சும்மா இருக்கும் மாதங்களிலும் இதை விடக்கூடாது.

தடைக்காலத்துக்கு மீன் சேர்த்துவைக்க 200 லிட்டர் தனி ஃபிரீசர் வாங்கலாம் என்று நினைக்கிறோம். (குளச்சல்)

மேற்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். அந்த நாட்களிலும் கட்டுமரமும் வள்ளமும் போய்வருகின்றன. மீன் அடியோடு இல்லாமல் போவதில்லை. இரண்டு மாதத் தேவைக்காகப் பன்னிரண்டு மாதமும் இன்னொரு கம்ப்ரசரை ஓடவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால், மேல்பக்கம் திறக்கும் பெட்டியை வாங்குங்கள். குளிர்ந்த காற்று கனமானது. மேல்மூடியைத் திறந்தால் அது கிணற்றுத் தண்ணீர் போல உள்ளேயே கிடக்கும். முன்பக்கம் திறக்கும் பெட்டியில் கதவைத் திறந்ததும் காலடியில் கொட்டிவிடும். ஆகஸ்டில் காலிசெய்து, உலர்த்தி, மூடியில் ஒரு கட்டையைச் செருகி இடைவெளி விட்டு அணைத்துவையுங்கள்.

எந்த மீனை வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். சாளை, அயிலை போன்ற கொழுப்பு மிகுந்த மீன்கள் மைனஸ் 18 டிகிரியிலும் இரண்டு, மூன்று மாதத்தில் காறல் வாடை அடிக்கத் தொடங்கும். கொழுப்பு குறைந்த விளமீன் ஆறு மாதம் வரை தாங்கும். குடலும் செவுளும் நீக்கி, கழுவி, ஒருவேளைக் கறிக்குத் தேவையானதை மட்டும் தட்டையாகப் பொட்டலம் கட்டித் தேதி எழுதுங்கள். கிலோக்கணக்கில் ஒரே உருண்டையாக வைத்தால் நடுப்பகுதி உறைய நெடுநேரம் எடுக்கும். மெதுவாக உறையும்போது பெரிய பனித்துகள்கள் உருவாகிச் சதையைக் கிழிக்கும். குழம்பில் போட்டதும் மீன் உதிர்ந்துபோவது பெரும்பாலும் இதனால்தான்.

பதினெட்டு வயதான பழைய ஃபிரிட்ஜ் நன்றாக ஓடுகிறது. புதியது வந்த பிறகும் தண்ணீர் பாட்டிலுக்காக மாடியில் வைத்துக்கொள்ளலாமா? (கருங்கல்)

அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அடுத்த முறை வீட்டைப் பூட்டி ஊருக்குப் போகும்போது மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பழைய ஃபிரிட்ஜை மட்டும் ஓடவிட்டு மீட்டர் எண்ணைக் குறித்துவையுங்கள். மூன்று நாள் கழித்து வந்து பாருங்கள். ஆறு யூனிட் ஓடியிருந்தால் நாளுக்கு இரண்டு, ஆண்டுக்கு 730. கடையில் புதுப் பெட்டியின் லேபிளில் பார்த்த எண்ணை அதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

கதவு ரப்பரையும் சோதியுங்கள். பத்து ரூபாய் நோட்டைப் பாதி வெளியே தெரியும்படி வைத்துக் கதவை மூடி இழுங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால், அந்த இடத்தில் குளிர் ஒழுகுகிறது. பெட்டி இளையதென்றால் ரப்பரை மட்டும் மாற்றினால் போதும். பதினெட்டு ஆண்டுப் பெட்டிக்கு அந்தச் செலவு வேண்டாம். தண்ணீர் பாட்டிலுக்கு மண்பானை வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியை ஆக்கர் கடையில் (பழைய சாமான் வாங்கும் கடையில்) போட்டுக் குழாயை அறுக்கவிடாமல், அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். அதுவரை அது வீட்டில் நிற்குமானால் கதவைக் கழற்றிவிடுங்கள். குழந்தைகள் உள்ளே ஒளிந்து விளையாடிச் சிக்கிக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

மட்டிப் பழம் ஃபிரிட்ஜில் கறுத்துவிடுகிறது. (திருவட்டாறு)

வாழைப்பழத்துக்குக் குளிர் ஆகாது. மட்டி, செவ்வாழை, நேந்திரன் எதுவானாலும் வெளியே தொங்கவிடுங்கள். இடம் மிச்சம், மின்சாரமும் மிச்சம்.

காற்று மழையில் மரம் விழுந்து மின்சாரம் போனால் எவ்வளவு நேரம் உள்ளே இருப்பதை நம்பலாம்? (அருமனை)

கதவைத் திறக்காமல் இருந்தால் கீழ்ப்பகுதி சுமார் நான்கு மணி நேரம் பாதுகாப்பாக இருக்கும். ஃபிரீசர் நிறைந்திருந்தால் இரண்டு நாள், பாதி நிறைந்திருந்தால் ஒரு நாள். காலி இடத்தில் தண்ணீர் பாட்டில்களை வைத்து உறையவிடுங்கள். அவை குளிரைப் பிடித்துவைக்கும்.

2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் வந்தபோது ரப்பர் மரங்களும் மின்கம்பங்களும் சேர்ந்து சாய்ந்ததை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் தெருவில் பல நாள் இருட்டு. மின்சாரம் திரும்பியதும் ஃபிரீசரில் இருந்தது மறுபடி கல்லாக உறைந்துவிட்டது. பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. இடையில் உருகிக் கெட்டதா என்பதை எப்படி அறிவது? அன்று தெரியாமல் தவித்தேன். இப்போது ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, பனிக்கட்டியின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, ஃபிரீசரிலேயே விட்டிருக்கிறேன். மின்சாரம் வந்த பிறகு நாணயம் மேலேயே இருந்தால் கவலையில்லை. கிண்ணத்தின் அடியில் கிடந்தால் அந்த மீனை மோந்துகூடப் பார்க்காமல் தென்னை மூட்டில் புதைத்துவிடுங்கள்.