தலைக்குத் துதிக்கை இருந்த காலம்

கேள்வி: தாத்தா கிழித்துத் தைத்து வைத்திருந்த பழைய தொடர்கதைக் கட்டு ஒன்று பரணில் கிடைத்தது. அதில் ‘தலை’ என்று வரும் இடமெல்லாம் ‘லை’ விசித்திரமாக இருக்கிறது. முன்னால் ஐகாரக் கொம்பு இல்லை. எழுத்தோடு ஒட்டி ஒரு வளைவு. அச்சுப் பிழையா?
– வாசகி, தலைஞாயிறு

பதில்: பிழை இல்லையம்மா. ஊர்ப் பெயரிலேயே தலையை வைத்திருக்கும் நீங்கள் கேட்க வேண்டிய கேள்விதான். (எந்தத் தலைஞாயிறு? வேதாரண்யம் பக்கமா, மணல்மேட்டுப் பக்கம் சர்க்கரை ஆலை இருக்கிற ஊரா?) ணை, லை, ளை, னை நான்கும் அப்போது அப்படித்தான் எழுதப்பட்டன. அந்த வளைவுக்குத் துதிக்கை என்று பெயர். ‘யானை’ என்று எழுதினால் அதில் நிஜமாகவே ஒரு துதிக்கை இருக்கும்!

நான் கும்பகோணத்தில் ஓர் அச்சகத்தில் ஈய எழுத்துக் கோத்தவன். ‘கை’ கோக்க இரண்டு எழுத்து எடுக்க வேண்டும், கொம்பு தனி, க தனி. லை மட்டும் ஒரே வார்ப்பு, அதற்கென்று பெட்டியில் தனி அறை. தீபாவளி மலர் வேலை வந்தால் அந்த அறைதான் முதலில் காலியாகும். தலையங்கம், தலைவர் அறிக்கை எல்லாம் போதாதென்று, பக்கத்துக்குப் பக்கம் தலை தீபாவளித் துணுக்கு. எல்லாம் ஒரே சரக்கு: மாப்பிள்ளை மோதிரம் கேட்பார், மாமனார் தலையில் துண்டு விழும். அச்சாகி முடிந்த பக்கத்தைப் பிரித்து, அதிலிருந்து லை பொறுக்கிக்கொண்டு வந்தால்தான் அடுத்த மாமனாருக்குத் தலை கிடைக்கும். அதிலும் துதிக்கை உடைந்த லை கலந்திருந்தால் ‘தல தீபாவளி’ என்று விழுந்துவிடும். இன்றைக்கு என்றால் ரசிகர்கள் விசில் அடித்திருப்பார்கள்.

பெரியார் 1935-லேயே ‘குடிஅரசு’ இதழில் இந்தத் துதிக்கையை வெட்டிவிட்டார். தமிழக அரசு 1978-இல் ஆணை போட்டது. மாறியவை மொத்தம் 13 எழுத்து. ஆணை வந்தால் மட்டும் போதுமா, ஈயம் மாற வேண்டாமா? எங்கள் முதலாளி பழைய எழுத்து தேய்கிற வரை அசைந்து கொடுக்கவில்லை. அதனால் உங்கள் தொடர்கதைக் கட்டில் தேதி இல்லாவிட்டாலும், பெரும்பாலும் எழுபதுகளிலோ அதற்கு முன்னாலோ, மிஞ்சிப்போனால் ஆணைக்குச் சில வருடம் கழித்தோ வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். ணா, றா, னா மூன்றையும் பாருங்கள், அவையும் காலைச் சுருட்டிக்கொண்டு நிற்கும்.

கேள்வி: எங்கள் ஊரில் தலைப்பு என்றால் ஆறு பிரிகிற இடம். கட்டுரைக்கு மேலே போடுவதும் தலைப்பா?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: மூணாறு தலைப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கிறீர்கள். வெண்ணாறு அங்கே வந்துதான் கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. தண்ணீருக்கும் கட்டுரைக்கும் தொடங்கும் இடம் என்பதால் இரண்டும் தலைப்புதான். பழைய பத்திரிகைக்காரர்கள் ‘என்ற மகுடத்தின் கீழ்’ என்றும் எழுதுவார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும், கொஞ்சம் கம்பீரமாக இருக்கும். வேடிக்கை தலையங்கம்தான்: பெயரில் தலை, நாளிதழில் குடியிருப்பதோ நடுப்பக்கத்தில், வயிற்றில்.

கேள்வி: புதிருக்கு விடையை அந்தக் காலத்தில் தலைகீழாக அச்சடிப்பார்களே, அதற்குத் தனி எழுத்து உண்டா?
– வாசகர், திருவையாறு

பதில்: தனி எழுத்தெல்லாம் கிடையாது. விடையை மட்டும் தனியாகக் கோத்து, நூல் சுற்றிக் கட்டி, பக்கத்தில் வைக்கும்போது அந்தத் துண்டை அப்படியே திருப்பி வைப்போம், அவ்வளவுதான். புரூஃப் பார்க்க வந்த புதுப் பையன் ஒருவன் அதைப் பிழை என்று நினைத்து, பக்கம் முழுக்கச் சிவப்பு மையால் சுழித்துக் கொடுத்தான்.