டெல்லியில் மேல்மாடி வாடகை வீடு. ஏசி இல்லாமல் கூலரை வைத்தே கோடையைத் தள்ள முடியுமா?

முடியும், ஜூன் பாதி வரைக்கும். அதற்குப் பிறகு வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

வயதானவர்கள் உண்டா இல்லையா என்று நீங்கள் எழுதவில்லை. புதிதாக மாற்றலாகி வந்தவர் போலத் தெரிகிறது. இப்போது இல்லாவிட்டாலும் லீவுக்கு அம்மாவோ மாமியாரோ ஊரிலிருந்து வரத்தான் போகிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டு சொல்கிறேன்.

நான் வேலூர்க்காரி. எனக்கு வெயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். முனிர்காவில் மொட்டைமாடிக்கு நேர் கீழே குடியிருக்கிறோம், வந்த நாளிலிருந்து பெரும்பாலும் கூலர்தான். ஏசி வாங்க வக்கில்லாதவள் வியாக்கியானம் பேசுகிறாள் என்று இரண்டு பேர் கீழே எழுதுவார்கள், எழுதட்டும். ஏசி மேல் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. இருக்கிறவர்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

நம் ஊர் ஆட்கள் கூலர் வாங்கியதும் செய்கிற முதல் காரியம், கதவு ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு உட்காருவது. அப்புறம் "ஒரே புழுக்கம், இதுக்கு ஃபேனே தேவலை" என்பார்கள். கூலர் வெளிக்காற்றை அதன் பக்கங்களில் அடைத்திருக்கிற ஈரப் புல்லுக்குள் இழுத்து, தண்ணீர் ஆவியாகும்போது வருகிற குளுமையைத்தான் உள்ளே தள்ளுகிறது. உள்ளே வந்த ஈரக்காற்று வெளியேற எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். கூலரை ஜன்னலுக்கு வெளியே, முடிந்தால் நிழல் பக்கம் மாட்டுங்கள். ஏப்ரலிலேயே பழைய புல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதுசு வைத்துவிடுங்கள். பழசில் உப்புப் படிந்து கட்டியாகிக் காற்றே புகாது. மே மாதம் 44 டிகிரியில் லூ என்கிற அனல்காற்று அடிக்கும்போது காற்று காய்ந்து கிடக்கும், அப்போது ஒரு நல்ல கூலர் பத்து டிகிரிக்கு மேல் குறைத்துவிடும். வாரத்துக்கு ஒரு தரம் தண்ணீரை மொத்தமாக வடித்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும். புழு இருந்தால் மாநகராட்சி ஆட்கள் வந்து சலான் கிழித்துக் கொடுப்பார்கள்.

மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் மதியம் கை வைக்க முடியாத சூட்டில் வரும். விடியற்காலையிலேயே இரண்டு பக்கெட் பிடித்து மூடி வைத்துவிடுங்கள், மதியம் குளிக்க அதுதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். 2024 மே கடைசியில் டெல்லி முங்கேஷ்பூரில் 52.9 டிகிரி என்று செய்தி வந்ததும் ஊரிலிருந்து ஒருத்தர் பாக்கியில்லாமல் போன் செய்தார்கள். அந்தக் கருவி மூன்று டிகிரி கூடுதலாகக் காட்டியது என்று வானிலைத் துறை பிறகு சொன்னபோது யாரும் கூப்பிடவில்லை. எங்களைப் படுத்தியது அந்தப் பகல் இல்லை, ஜூன் 18 ராத்திரி. மறுநாள் காலை சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவான குறைந்தபட்ச வெப்பமே 35.2 டிகிரி. ராத்திரி முழுக்க அதற்குக் கீழே இறங்கவே இல்லை. பகல் முழுக்க வெந்த கான்கிரீட் கூரை ஆற வழியில்லாமல் கட்டில் மேலேயே சூட்டை இறக்கிக்கொண்டிருந்தது. ஒரு மணி வாக்கில் கரண்டும் போனது.

மாமியார் அப்போது எங்களோடு இருந்தார். பி.பி.க்காக நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர். திடீரென்று எழுந்து உட்கார்ந்து, "ஆரணி பஸ் போயிடுச்சா?" என்றார். தூக்கக் கலக்கம் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். நான் கையைத் தொட்டேன், கொதித்தது. நெற்றியில் பொட்டு வேர்வை இல்லை. "அத்தை, நான் யாரு?" என்று கேட்டதற்கு என் நாத்தனார் பெயரைச் சொன்னார்.

இந்தச் சூட்டில் பேச்சு தடுமாறினால் அது வெறும் களைப்பு இல்லை, ஹீட் ஸ்ட்ரோக். நான் டாக்டர் இல்லை, ஆனாலும் இதை மட்டும் அடித்துச் சொல்வேன். அந்த நிலையில் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். உடம்பை வெளியிலிருந்து குளிர வைக்க வேண்டும், உடனே. பிடித்து வைத்திருந்த பக்கெட்டில் வேட்டியை முக்கி மேலே போர்த்தினோம். அது சூடேறச் சூடேற எடுத்து மறுபடி நனைத்தோம். கீழ்வீட்டு ஹரியானாக்காரம்மா ஃப்ரீசரிலிருந்து உறைந்த பட்டாணிப் பாக்கெட்டுகளைக் கொண்டுவந்து அக்குளிலும் கழுத்திலும் வைத்தார். மகன் முறத்தால் விசிறிக்கொண்டே இருந்தான். அவனே படிகளில் தூக்கி இறக்க, ஆட்டோவிலும் ஈரத்துணி போட்டபடியேதான் போனோம். ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் இதற்கென்றே ஐஸ் தொட்டியோடு தனிப் பிரிவு அந்த மே மாதம்தான் தொடங்கியிருந்தார்கள். நாங்கள் போனது பக்கத்திலிருந்த வேறு ஆஸ்பத்திரி. வழியிலேயே சூட்டைக் குறைத்துக்கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று என்றார் அங்கிருந்த டாக்டர். அத்தை பிழைத்துக்கொண்டார். ஆரணி பஸ்ஸைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கும் மறுக்கிறார்.

இதில் கூலர் எங்கே உதவவில்லை என்றால், ஜூன் நடுவிலிருந்து காற்றில் ஈரம் ஏற ஆரம்பிக்கும். ஈரக்காற்றில் தண்ணீரும் ஆவியாகாது, வேர்வையும் ஆவியாகாது. கூலர் போட்டால் பிசுபிசுப்புதான் கூடும், பம்பை நிறுத்திவிட்டு வெறும் விசிறியாக ஓட்டுங்கள். ஆகவே பெரியவர்கள் வருவதாக இருந்தால் ஒரே ஒரு அறைக்காவது ஏசி போடுங்கள், அல்லது பிப்ரவரியில் வரச் சொல்லுங்கள்.

ஏசி போடு என்று சொல்வது சுலபம். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்றரை யூனிட் வரை தின்னும், கூலருக்கு அஞ்சு மணி நேரத்துக்கு ஒரு யூனிட். டெல்லியில் மாதம் 200 யூனிட் வரை கரண்ட் இலவசம் என்று ஊரில் எல்லோரும் பொறாமைப்படுகிறார்கள். எங்களுக்கு அதில் ஒரு யூனிட்டும் கிடையாது. வீட்டு ஓனர் கட்டடத்துக்கே ஒரு கனெக்‌ஷன் வைத்துக்கொண்டு, எங்களுக்கு சப் மீட்டர் போட்டு யூனிட்டுக்குப் பத்து ரூபாய் வாங்குகிறார். கேட்டால், "பிடிக்கலேன்னா காலி பண்ணு". ஆஸ்பத்திரியிலிருந்து அத்தையைக் கூட்டி வந்த வாரம் ஏசி மாட்டச் சுவரில் ஓட்டை போட அனுமதி கேட்டோம், அட்வான்ஸில் பிடித்துக்கொள்வேன் என்றார், பிடித்தும்கொண்டார். நீங்கள் இன்னும் அக்ரிமென்ட் போடவில்லை என்றால், உங்கள் பெயரில் தனி மீட்டர் வாங்க ஒப்புக்கொள்கிறாரா என்று முதலில் கேளுங்கள். வாடகையை அப்புறம் பேசலாம்.