சி ஃபங்ஷன்ல டபுள் ஸ்டார் ஆர்க்யுமென்ட் இருந்தா பைத்தான்ல இருந்து எப்படிக் கூப்பிடுறது?

கேள்வி சுருக்கமா இதுதான்: சென்சார் வித்தவங்க ஒரு சி லைப்ரரியும் ஹெடர் ஃபைலும் குடுத்திருக்காங்க, அதுல இருக்கற ரீட் ஃபங்ஷனுக்கு மூணு ஆர்க்யுமென்ட், சேனல் நம்பருக்கு ஒரு இன்ட், வெப்பத்துக்கு ஒரு டபுள் ஸ்டார் (டபுள்ங்கற தசம எண் இருக்கற இடத்தோட அட்ரஸ், ரெண்டு ஸ்டார்னு படிச்சிடாதீங்க), ஈரப்பதத்துக்கு இன்னொரு டபுள் ஸ்டார், ரீட் ஃபெயில் ஆனா ஸ்டேட்டஸா மைனஸ் 1 திரும்பி வரும். ஸ்விக் (சி கோடை மத்த மொழில இருந்து கூப்பிட வழி பண்ணிக் குடுக்கற டூல்) ஓட்டி பைத்தான் மாட்யூல் பண்ணியாச்சு, இம்போர்ட்டும் ஆகுது, ஆனா 0.0ன்னு ரெண்டு நம்பரைக் குடுத்துக் கூப்பிட்டா ரெண்டாவது ஆர்க்யுமென்ட் டபுள் ஸ்டாரா இருக்கணும்னு டைப் எரர் அடிக்குது. என்ன பண்றது?

நான் சிங்கப்பூர்ல காக்கி புக்கிட்ல ஒரு சின்ன கம்பெனில கிட்டத்தட்ட இதே வேலையத்தான் பாக்கறேன். மெஷின்காரன் குடுக்கற சி லைப்ரரிய பைத்தானுக்கும் எப்பவாவது லுவாங்கற ஸ்கிரிப்ட் மொழிக்கும் கட்டிக் குடுக்கறது. அதனால இந்த எரர் எனக்கு பழைய சிநேகிதன் மாதிரி. கோடை எல்லாம் இங்க தமிழ்லயே எழுத்துக்கூட்டி எழுதறேன், டைப் பண்ணும்போது நீங்க மாத்திக்கங்க.

முதல்ல ஸ்விக் ஏன் இப்படி முரண்டு பிடிக்குதுன்னு புரிஞ்சுக்கணும். டபுள் ஸ்டார்னு எழுதினா சி-யைப் பொறுத்தவரை அது ஒரு அட்ரஸ், அதாவது பாயின்டர், அவ்ளோதான். புளோக் நம்பரும் யூனிட் நம்பரும் எழுதின துண்டுச்சீட்டு மாதிரி. அந்த வீட்டுல சாமானை வைக்கணுமா எடுக்கணுமா, அந்த ஒரு வீடு மட்டுமா இல்ல அந்த மாடி முழுக்கவா, யாரு வீட்டைக் காலி பண்ணிக் குடுக்கணும், இது ஒண்ணும் சீட்டுல இல்ல. சி எழுதறவனுக்கு டாக்குமென்டைப் பாத்தா தெரியும், ஸ்விக் பாக்கறது ஹெடரை மட்டும்தானே. டேவிட் பீஸ்லி 1995-ல லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்துல இதை எழுதினதே விஞ்ஞானிங்களோட சிமுலேஷன் கோடை ஸ்கிரிப்ட்ல இருந்து ஓட்டறதுக்குத்தான், அங்க பாயின்டர்ங்கறது ஒரு ஃபங்ஷன் குடுத்ததை அப்படியே இன்னொரு ஃபங்ஷன்கிட்ட தள்ளிவிடற ஒரு டோக்கன், உள்ள என்ன இருக்குன்னு பைத்தான் பாக்கவே வேணாம். அந்தக் கணக்குல பாத்தா டோக்கன் கேட்ட இடத்துல நீங்க 0.0ன்னு நம்பரை நீட்டினா திட்டறது நியாயம்தான்.

நான் ஆபீஸ்ல புதுசா வர்ற பசங்களுக்கு இதை தாப்பாவ், அதான் பார்சல் சாப்பாடு, வச்சுத்தான் சொல்லுவேன். தேக்கா சென்டர்ல கடைக்காரர்கிட்ட காலி டப்பாவை நீட்டறீங்க, அவரு சாம்பார் ஊத்திக் குடுக்கறாரு, இது அவுட்புட். வீட்டுல இருந்து மாவு டப்பாவைக் கொண்டு போய் அவரு அதைப் பாத்து எடுத்துக்கிட்டு டப்பாவைத் திருப்பிக் குடுத்தா அது இன்புட். சோறு போட்ட டப்பாவை நீட்டி மேல குழம்பு ஊத்தச் சொன்னா அது இன்அவுட். டப்பா ஒரே டப்பாதான், சி-ல மூணுக்கும் ஒரே ஸ்டார்தான். உங்க கேஸ்ல ரெண்டுமே காலி டப்பா, ஆனா பைத்தான் ஃப்ளோட் டப்பாவே கிடையாது, அது மூடி சீல் வச்ச பொட்டலம், அதுக்குள்ள யாரும் எதையும் ஊத்த முடியாது.

ஆக உங்களுக்கு வேண்டியது ரெண்டே வரி. ஸ்விக்குக்கு நீங்க எழுதிக் குடுக்கற இன்டர்ஃபேஸ் ஃபைல்ல மேல டைப்மேப்ஸ் டாட் ஐ ஃபைலை (டைப்மேப்னா எந்த சி டைப்பை பைத்தான் பக்கம் எப்படி மாத்தணும்ங்கற விதி) இன்க்ளூட் பண்ணுங்க. அதுக்குக் கீழ, சென்சார் ஹெடரை இன்க்ளூட் பண்றதுக்கு முன்னாடியே (இந்த வரிசை முக்கியம், பின்னாடி போட்டா ஒண்ணும் நடக்காது, எரரும் வராது, மணிக்கணக்கா மண்டையை உடைச்சுக்குவீங்க) பர்சென்ட் அப்ளை வரி ஒண்ணு: டபுள் ஸ்டார் அவுட்புட்னு போட்டு, அவுட்புட்டை எல்லாம் கேபிடல்ல, அப்புறம் சுருள் பிராக்கெட்டுக்குள்ள உங்க ஹெடர்ல என்ன பேரு இருக்கோ அதே பேரோட, டெம்ப், ஹ்யூமிட்னு இருந்தா டபுள் ஸ்டார் டெம்ப், டபுள் ஸ்டார் ஹ்யூமிட். திரும்ப பில்ட் பண்ணினா பைத்தான் பக்கம் ஃபங்ஷனுக்கு ஒரே ஆர்க்யுமென்ட்தான், சேனல் நம்பர். திரும்பி வர்றது ஒரு லிஸ்ட், முதல்ல சி ஃபங்ஷனோட ஸ்டேட்டஸ், அப்புறம் வெப்பம், அப்புறம் ஈரப்பதம். லுவால இதே மூணு வேல்யூவா நேரா வரும், அது எனக்கு இன்னும் பிடிக்கும்.

அப்ளை பண்றது டைப்பும் பேரும் சேர்ந்து பொருந்தினாத்தான் வேலை செய்யும். சில மெஷின்காரன் ஹெடர்ல பேரே போடமாட்டான், இன்ட், டபுள் ஸ்டார், டபுள் ஸ்டார்னு மொட்டையா விட்டிருப்பான். அப்ப எல்லாரும் பண்ற தப்பு, பேர் இல்லாம வெறும் டபுள் ஸ்டாருக்கு அப்ளை போடறது. நானும் போட்டேன். ரீட் ஃபங்ஷன் ஓடிச்சு, சந்தோஷமா கோப்பிக்கடைக்குப் போய் தே குடிச்சிட்டு வந்து பாத்தா, அதே ஹெடர்ல ஒரு அரே வாங்கி சராசரி போடற ஃபங்ஷன் இருந்திருக்கு, அதோட டபுள் ஸ்டாரும் அவுட்புட் ஆகி, இப்ப அது அரேவையே வாங்க மாட்டேங்குது, எண்ணிக்கையை மட்டும் கேக்குது! உள்ள ஒரே ஒரு டபுளுக்கு இடம் வச்சுக்கிட்டு அதை 100 டபுள் அரேன்னு நெனச்சுப் படிச்சு ஏதோ ஒரு நம்பரைத் துப்புது. மொட்டை ஹெடர்னா அந்த ஒரு ஃபங்ஷனோட டிக்ளரேஷனை மட்டும் இன்டர்ஃபேஸ் ஃபைல்ல நீங்களே பேரோட எழுதிக்கங்க, இல்லன்னா அப்ளை போட்டு அந்த ஃபங்ஷன் முடிஞ்சதும் பர்சென்ட் கிளியர் போட்டு அழிச்சிடுங்க.

இன்னொண்ணு, உங்க கேஸ்ல கட்டாயம் கடிக்கும். ரீட் ஃபெயில் ஆனா ஸ்டேட்டஸ் மைனஸ் 1 வரும்னு சொல்லியிருக்கீங்க. ஃபெயில் ஆனப்ப அந்த சி ஃபங்ஷன் டபுள்ல எதையும் எழுதாம திரும்பிடும். ஸ்விக் உள்ள வச்சிருக்கற தற்காலிக டபுள்ல ஆரம்பத்துல பூஜ்யம் எல்லாம் போடாது, ஸ்டாக்ல ஏற்கனவே என்ன குப்பை கிடந்துச்சோ அதுதான் உங்க வெப்பம். எங்க டாஷ்போர்டுல ஒரு நாள் ஈரப்பதம் 84ல இருந்து திடீர்னு 6.9, பக்கத்துல அடுக்கு மைனஸ் 310ன்னு காட்டிச்சு. சிங்கப்பூர்ல ஈரப்பதம் அவ்ளோ இறங்கினா நியூஸ்ல வந்திருக்கும். அந்த நம்பரை எங்க பாத்தாலும் உஷாராயிடுங்க, 64 பிட் லினக்ஸ்ல மேல 7எஃப்னு ஆரம்பிக்கற ஒரு மெமரி அட்ரஸை டபுளா படிச்சா சரியா அந்த அளவுதான் வரும். அதாவது ஈரப்பதம்னு நீங்க கிராஃப் போட்டது எவனோட அட்ரஸையோ.

அதனால ஸ்டேட்டஸைப் பாக்காம அந்த லிஸ்ட்ல இருந்து நம்பரை எடுக்காதீங்க. எக்ஸப்ஷன் டைப்மேப் எல்லாம் எழுதி ஃபெயில் ஆனா பைத்தான் எக்ஸப்ஷன் வர்ற மாதிரி பண்ணலாம், நான் பாதி நேரம் அதைப் பண்றதில்ல. பர்சென்ட் இன்லைன் போட்டு ஒரு அஞ்சு வரி சி ஃபங்ஷன் எழுதிடுவேன், ரெண்டு டபுளும் ஸ்டேட்டஸும் இருக்கற ஒரு ஸ்ட்ரக்ட், முதல்ல பூஜ்யம் போட்டு, ஒரிஜினல் ஃபங்ஷனைக் கூப்பிட்டு, ஸ்ட்ரக்டைத் திருப்பிக் குடுக்கும். டைப்மேப்ல டாலர் குறி போட்ட மாயமந்திரம் எழுதினா ஆறு மாசம் கழிச்சு எனக்கே புரியறதில்ல, அஞ்சு வரி சி-ன்னா யாரு வேணா படிப்பாங்க.

சிபாயின்டர் டாட் ஐ-ன்னு இன்னொரு வழி இருக்கு, நியூ, காப்பி, அசைன், வேல்யூ, டிலீட்னு அஞ்சு ஃபங்ஷன் பண்ணிக் குடுக்கும், பைத்தான்ல இருந்தே டப்பா செஞ்சு நீட்டி உள்ள இருக்கறதை எடுத்து டப்பாவைக் கழுவியும் வைக்கலாம். டெஸ்ட் பண்றதுக்கு ஓகே, தினசரி கோடுக்கு வேணாம், டிலீட்டை மறப்பீங்க.

இதுவரைக்கும் ஒத்த நம்பர். கேரக்டர் ஸ்டார் (சுருக்கமா கேர் ஸ்டார், எழுத்துங்க இருக்கற இடத்தோட அட்ரஸ்) வந்தாத்தான் உண்மையான தலைவலி. நீங்க அடுத்து சீரியல் நம்பர் படிக்கற ஃபங்ஷனுக்கு வருவீங்க, அது ஒரு கேர் ஸ்டாரும் அளவும் வாங்கும்னு நினைக்கறேன், அதுக்கு முன்னாடி என் கதையைக் கேட்டுக்கங்க. துவாஸ்ல ஒரு ஃபேக்டரில 12 மெஷின். அந்த வேலைக்கு ஸ்விக் வேணாம், சின்ன லைப்ரரிதானேன்னு பைத்தானோடயே வர்ற, சி லைப்ரரிய நேரா கூப்பிடற சிடைப்ஸ் மாட்யூல்ல பண்ணினேன். சீரியல் நம்பருக்கு இடம் வேணுமேன்னு, ஒரு ஸ்பேஸ் பைட்ஸை 16-ஆல பெருக்கி அதை அப்படியே சி ஃபங்ஷனுக்குக் குடுத்தேன். ஒரு மெஷின்ல டெஸ்ட் பண்ணினேன், சூப்பரா வந்துச்சு. 12 மெஷினுக்கும் லூப் போட்டு லிஸ்ட்ல சேத்தா 12 வரிலயும் ஒரே சீரியல் நம்பர், கடைசி மெஷினோடது. கேபிளை மாத்தினேன், ஸ்விட்சை மாத்தினேன், அங்க இருந்த மெயின்டெனன்ஸ் அண்ணன் ஒருத்தரு ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு மெஷின் ஐபியையும் படிச்சு சொன்னாரு, எல்லாம் சரியாத்தான் இருக்கு.

ராத்திரி ஒன்பது மணிக்கு லிஸ்ட்ல இருக்கற ஒவ்வொண்ணோட ஐடியையும் பிரின்ட் பண்ணிப் பாத்தப்பத்தான் தெரிஞ்சுது, பன்னெண்டும் ஒரே ஆப்ஜெக்ட். ஸ்பேஸை 16-ஆல பெருக்கறதை பைத்தான் கம்பைல் பண்ணும்போதே கணக்குப் போட்டு ஒரே ஒரு கான்ஸ்டன்டா வச்சிடுது, பைட்ஸ்தான் மாறவே மாறாதே, எதுக்கு திரும்பத் திரும்ப செய்யணும்னு. மாறாதுன்னு பைத்தான் நம்பிக்கிட்டு இருக்கு, நான் சி பக்கம் இருந்து அதுமேலயே 12 தடவை எழுதியிருக்கேன். சிடைப்ஸும் ஒரு வார்த்தை தடுக்கல, பைட்ஸோட உள் அட்ரஸை எடுத்து அப்படியே குடுத்துடும். அந்த அண்ணன்கிட்ட போய் கேபிள் பிரச்சனை இல்லண்ணேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு.

சிடைப்ஸ்ல சி எழுதப்போற இடம்னா கிரியேட் ஸ்டிரிங் பஃபர்தான், அளவைக் குடுத்து செஞ்சு, வந்தப்புறம் டாட் வேல்யூ எடுத்து லிஸ்ட்ல சேருங்க. ஸ்விக்ல இதுக்கு சிஸ்டிரிங் டாட் ஐ இருக்கு, பவுண்டட் அவுட்புட் மேக்ரோல அளவைச் சொல்லிட்டா பைத்தான் பக்கம் வெறும் ஸ்டிரிங்கா வந்துடும். அளவைக் கம்மியா சொல்லிடாதீங்க, சின்ன டப்பால பெரிய கரண்டியால குழம்பு ஊத்தினா என்ன ஆகும், வழிஞ்சது பக்கத்து டேபிள்காரன் சட்டைல. அப்பவே கிராஷ் ஆனா அதிர்ஷ்டம், பெரும்பாலும் பத்து நிமிஷம் கழிச்சு சம்பந்தமே இல்லாத இடத்துலதான் ஆகும்.

சிடைப்ஸ் பக்கம் போறதா இருந்தா ரெஸ்டைப்பையும் (ஃபங்ஷன் எந்த டைப்பைத் திருப்பிக் குடுக்குதுன்னு சொல்ற வரி) மறக்காம எழுதுங்க. எழுதலன்னா திரும்பி வர்றது இன்ட்னு எடுத்துக்கும், 64 பிட் பாயின்டர்ல பாதி வெட்டுப்பட்டுப் போயிடும், அதை அடுத்த ஃபங்ஷனுக்குக் குடுத்தீங்கன்னா செக்மென்டேஷன் ஃபால்ட்.

மிச்சம் இருக்கறது யாரு ஃப்ரீ பண்றதுங்கற பஞ்சாயத்து. லைப்ரரி தானே மெமரி எடுத்து கேர் ஸ்டாரைத் திருப்பிக் குடுத்தா, ஸ்விக் அதைக் காப்பி எடுத்து பைத்தான் ஸ்டிரிங் பண்ணிட்டு ஒரிஜினலை அங்கேயே விட்டுட்டுப் போயிடும். சாப்பிட்ட தட்டை டேபிள்லயே விட்டுட்டுப் போற மாதிரி, 2021 செப்டம்பர்ல இருந்து ஹாக்கர் சென்டர்ல அப்படி விட்டா பிடிக்கறாங்க, புரோகிராம்ல பிடிக்க ஆள் இல்ல, மெமரி ஏறிக்கிட்டே போகும். பர்சென்ட் நியூஆப்ஜெக்ட் போட்டா ஸ்விக் எடுத்து வச்சிடும். ஆனா எந்த ராக்ல வைக்குதுன்னு பாருங்க, ஹலால் தட்டுக்கு ஒரு ராக், மத்ததுக்கு ஒரு ராக்னு இருக்கற மாதிரி, மாலாக்ல வந்தது ஃப்ரீக்குத்தான் போகணும், நியூல வந்தது டிலீட்டுக்கு, லைப்ரரி தனியா ஒரு ரிலீஸ் ஃபங்ஷன் குடுத்திருந்தா அதுக்கு மட்டும்தான். நியூஃப்ரீ டைப்மேப்ல எதுன்னு தெளிவா எழுதிடுங்க. எல்லாத்துக்கும் நியூஆப்ஜெக்ட் போட்டுடலாமேன்னு தோணும், வெர்ஷன் ஸ்டிரிங் மாதிரி லைப்ரரி தனக்குள்ளயே நிரந்தரமா வச்சிருக்கறதை ஃப்ரீ பண்ணினா அங்கேயே முடிஞ்சுது கதை.

இதுக்கு நேர் எதிரா, நீங்க குடுத்த அட்ரஸை லைப்ரரி குறிச்சு வச்சுக்கற கேஸும் உண்டு, கால்பேக் (லைப்ரரி பின்னாடி திரும்பக் கூப்பிடற உங்க ஃபங்ஷன்) ரிஜிஸ்டர் பண்றது, பஃபர் செட் பண்றது இதெல்லாம். பைத்தான்ல அந்த ஆப்ஜெக்ட்டை யாரும் பிடிச்சுக்கிட்டு இல்லன்னா கார்பேஜ் கலெக்டர் தூக்கிடும், லைப்ரரி கைல புளோக் நம்பர் இருக்கும், புளோக்கை இடிச்சாச்சு. கால்பேக்கை லோக்கல் வேரியபிள்ல வைக்காம செல்ஃப்ல வச்சுக்கங்க. அப்புறம் பைத்தானோட நன், அதாவது ஒண்ணுமில்லங்கற வேல்யூவைக் குடுத்தா ஸ்விக் அதை நல் பாயின்டரா மாத்தி பேசாம உள்ள அனுப்பிடும், அந்த சி ஃபங்ஷன் நல்லை செக் பண்ணுதான்னு சோர்ஸ் இருந்தா பாத்துக்கங்க.

உங்க ஹெடர்ல அந்த ரெண்டு டபுள் ஸ்டாருக்கும் பேரு இருக்கா இல்ல மொட்டையா இருக்கான்னு கீழ கமென்ட்ல அந்த ஒரு வரியை மட்டும் ஒட்டுங்க, அப்ளை வரியை அப்படியே எழுதித் தர்றேன். சீரியல் நம்பர் ஃபங்ஷன் வரியையும் சேத்துப் போட்டீங்கன்னா அளவை எங்க இருந்து எடுக்கணும்னு பாத்துடலாம்.