தையல்காரிக்குத் தெரிந்தது, வீட்டுக்குத் தெரியவில்லை

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. குடல் புற்றுநோய்க்கு மகரகமை புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கீமோ எடுத்து முடித்து ஒன்றரை வருடமாகிறது. வலது காறை எலும்புக்குக் கீழே, மருந்து ஏற்றுவதற்காகத் தோலுக்கடியில் குழாயோடு வைத்த போர்ட் என்ற சின்னக் கருவி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. அது அடைபடாமல் இருக்க முதலில் மாதாமாதம் போய்க் கழுவினோம். பிறகு தூரம், செலவு, அண்ணாவுக்கு லீவு இல்லை என்று விட்டுப்போயிற்று. கொழும்பிலிருக்கும் அண்ணா, நோய் திரும்பினால் தேவைப்படும், இருக்கட்டும் என்கிறார். சித்தியோ, அதைக் கழற்றினால் அடங்கிக் கிடக்கிற நோய் எழும்பிவிடும் என்று அம்மாவைப் பயப்படுத்துகிறா. பத்திரகாளி அம்பாள் கோயில் திருவிழாவுக்குச் சட்டை தைக்கக் கொடுத்த இடத்திலும் இதே கதைதான். (தையல்காரி நல்ல பிள்ளை. கை இறுக்குது என்று அம்மா சொன்னதும் வலது கையை மட்டும் ஒரு அங்குலம் விட்டுத் தைத்துத் தந்தா.) சித்திக்கு நான் என்ன பதில் சொல்ல?
- ஒரு மகள், உவர்மலை

பதில்: சித்தியை விடுங்கள், தங்கச்சி. அடைப்புக்குறிக்குள் போட்டு ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைத் திரும்ப வாசியுங்கள். வலது கையை மட்டும். போர்ட் இருப்பதும் வலது பக்கம். உடம்பு பெருத்தால் இரண்டு கையும் பெருக்கும். ஒரு கை மட்டும் பெருத்ததற்கு நீங்கள் சட்டையைத் திருத்தினீர்கள், டொக்டரிடம் காட்டவில்லை.

அந்தப் போர்ட்டிலிருந்து போகிற குழாய் ஒரு பெரிய நாளத்துக்குள் இறங்கி, இதயத்தின் வாசலில் போய் நிற்கிறது. கையிலிருந்து இரத்தம் இதயத்துக்குத் திரும்புகிற பாதையும் அதுதான். நாள்பட்டுக் கிடக்கிற குழாயைச் சுற்றி இரத்தம் உறைந்தால் பாதை அடைபடும், கை வீங்கும். புற்றுநோய் வந்தவர்களுக்கு இரத்தம் உறைகிற தன்மையும் கூட. வேறு காரணமும் இருக்கலாம். அதை, நாளத்தில் இரத்தம் ஓடுவதைப் பார்க்கிற டொப்ளர் ஸ்கான் சொல்லட்டும், தையல்காரி சொல்ல வேண்டாம்.

கழுவாமல் விட்டதால்தான் வீங்கியது என்று நான் சொல்ல வரவில்லை. கழுவுவது குழாயின் உட்புறம் அடைபடாமல் இருக்க. நாளத்துக்குள் உறைவது ஒழுங்காகக் கழுவினவர்களுக்கும் வரும். ஆனால் மாதாமாதம் போயிருந்தால் யாரோ ஒரு நர்ஸ் அந்தக் கையைக் கண்டிருப்பா. கீமோ முடிந்த அன்றோடு வீட்டுக்காரரின் வேலையும் முடிந்துவிட்டது என்று நினைக்கிற குடும்பங்களின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. உங்களுடையதும் அப்படித்தான். மருந்து ஏற்றுகிற காலத்தில் முழு வீடும் கட்டிலைச் சுற்றி நிற்கும். பிறகு அம்மா சமைக்கத் தொடங்கினால் போதும், அவ சுகமாகிவிட்டா என்று ஆளாளுக்குத் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

இப்போது அம்மாவைக் கூப்பிட்டு வெளிச்சத்தில் இருத்திப் பாருங்கள். வலது கைக் காப்பைக் கழற்றி வைத்துவிட்டாவா? எப்போதிலிருந்து? தோளிலும் நெஞ்சிலும் முன்பு இல்லாத நரம்புகள் பச்சையாகத் தெரிகிறதா? காலையில் முகமோ கழுத்தோ ஊதியிருக்கிறதா? அவவாகச் சொல்ல மாட்டா. சொன்னால் மகன் லீவு போட வேண்டும், மகள் காசு தேட வேண்டும் என்று தெரிந்த தாய் வாயைத் திறப்பாவா? தையல்காரியிடம் சொல்லியிருக்கிறா, உங்களிடம் சொல்லவில்லை. அது உங்களுக்கு உறைக்க வேண்டும்.

கையை எண்ணெய் போட்டு உருவ வேண்டாம். நாளைக்கு, திங்கட்கிழமைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கிளினிக் கொப்பியையும், போர்ட் வைத்தபோது அட்டை தந்திருந்தால் அதையும் கொண்டுபோங்கள். போகிற வழியிலோ அதற்கு முன்போ மூச்சு முட்டினால், நெஞ்சு குத்தினால் ஓட்டோ தேட வேண்டாம், 1990க்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போனால் அப்படித்தான் வரும். இரத்தக்கட்டி என்று உறுதியானால் இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து தருவார்கள். பெரும்பாலும் மூன்று மாதமாவது எடுக்க வேண்டிவரும். போர்ட்டை உடனே எடுப்பதா, மருந்து தொடங்கிய பிறகா என்பது அவர்கள் முடிவு. நீங்கள் அவசரப்படுத்த வேண்டாம்.

அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. நோய் திரும்பக்கூடும் என்று நினைத்தால் புற்றுநோய் டொக்டர்களே சில காலம் போர்ட்டை விட்டுவைப்பதுண்டு. ஆனால் வைத்திருப்பதென்றால் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். அந்த ஆஸ்பத்திரி சொல்கிற இடைவெளியில், பழகிய கையால், அதற்கென்று உள்ள ஹூபர் ஊசியால் கழுவ வேண்டும். சின்ன சிரிஞ்ச் போட்டு அழுத்தினால் குழாய் வெடிக்கக்கூடும், 10 மில்லி சிரிஞ்சுக்குக் குறைந்தது கூடாது. தெருவோரக் கிளினிக்கில் தெரிந்த பிள்ளையிடம் கொடுக்கிற வேலை இல்லை இது. கழுவிய அன்றே குளிரும் காய்ச்சலும் வந்தால் கிருமியாக இருக்கலாம், பனடோல் கொடுத்துப் படுக்கவைக்காதீர்கள். மருந்து உள்ளே போகிறது, இரத்தம் மட்டும் வெளியே வரவில்லை என்றாலும், கழுவும்போது நெஞ்சு எரிந்தாலும், மேல்தோல் மெலிந்து போர்ட் தெரிந்தாலும் சொல்ல வேண்டும்.

தேவை முடிந்துவிட்டதென்று டொக்டர் சொன்னால் எடுக்கலாம். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து வெட்டி எடுப்பது, பெரும்பாலும் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். அதனால் நோய் எழும்பாது. சித்திக்கு இதுதான் பதில். இதற்குமேல் அவவோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

அண்ணாவிடம் இனிமேல் அம்மாவின் உடம்பைப் பற்றி அபிப்பிராயம் கேட்காதீர்கள். பக்கத்தில் இருப்பவர் பார்க்கட்டும், தூரத்தில் இருப்பவர் செலவையும் அலைச்சலையும் ஏற்கட்டும், என் கணக்கு அவ்வளவுதான். மகனுக்குத் தீர்ப்புச் சொல்லும் உரிமை, மகளுக்கு இரவு முழித்திருக்கும் வேலை என்ற பங்கீடு எனக்குப் பிடிக்காது. ஸ்கான் முடிந்ததும் அவருக்குப் போன் அடியுங்கள். லீவு கிடைக்குமா என்று கேட்க வேண்டாம், ரயிலிலா பஸ்ஸிலா வருகிறீர்கள் என்று கேளுங்கள்.