கர்ப்பிணிகள் பெட்டி சாலட் சாப்பிடலாமா?

கேள்வி: நான் ஐந்து மாதக் கர்ப்பிணி. மதிய உணவுக்கு சூப்பர் மார்க்கெட்டில் நறுக்கி அடைத்து விற்கும் சாலட் வாங்குகிறேன். கோழித் துண்டுகள், முளைகட்டிய பயறு, மயோனைஸ் எல்லாம் கலந்திருக்கும். பெட்டியில் 202, 385, 415 என்ற எண்கள் உள்ளன. இந்த ரசாயனங்கள் குழந்தையைப் பாதிக்குமா?
– வாசகி, சென்னை

பதில்: அந்த எண்களுக்காக நீங்கள் பயப்பட வேண்டாம். 415 என்பது சாந்தன் கம். சர்க்கரையை பாக்டீரியாவால் நொதிக்க வைத்து எடுக்கும் பசை இது. எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடித்துவைக்கும். 202 பூஞ்சையைத் தடுக்கிறது. 385 எண்ணெயில் சிக்கு வாடை வராமல் காக்கிறது. அனுமதிக்கப்பட்ட அளவில் இவற்றால் குழந்தைக்குத் தீங்கு வரும் என்று அஞ்சக் காரணமில்லை.

என் கவலையெல்லாம் லிஸ்டீரியா என்ற கிருமி பற்றியது. பெரும்பாலான கிருமிகள் குளிரில் அடங்கிவிடும். இதுவோ 4 டிகிரி செல்சியஸிலும் மெல்லப் பெருகும். பெட்டி குளிர்பெட்டியில் எத்தனை நாள் இருந்ததோ, அத்தனை நாளும் அதற்கு லாபம். மணமும் சுவையும் மாறாது என்பதால் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. தாய்க்கு லேசான காய்ச்சல், உடல்வலியோடு போய்விடலாம். ஆனால் நஞ்சுக்கொடி வழியே குழந்தையை எட்டினால் கருச்சிதைவு, குறைப்பிரசவம் வரை கொண்டுபோய்விடும். அதனால் கோழி, மயோனைஸ் கலந்த தயார் சாலட்டைப் பிரசவம் வரை நிறுத்திவிடுங்கள் என்றே சொல்வேன்.

முளைப்பயறையும் பச்சையாகச் சாப்பிடாதீர்கள். அது முளைக்கும் ஈரமும் வெதுவெதுப்பும் சால்மோனெல்லா என்ற கிருமிக்கும் மிகவும் பிடித்தவை. கழுவினாலும் முழுதாகப் போகாது. நன்றாக வேகவைத்துச் சுண்டலாகச் சாப்பிடலாம். பச்சை முட்டை மயோனைசும் வேண்டாம். தமிழக அரசே 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டுத் தடை விதித்தது.

காய்கறியை விட்டுவிடாதீர்கள், அது உங்களுக்கு அவசியம். வெள்ளரி, கேரட், தக்காளியை முழுதாக வாங்கி, ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள். கழுவிய கத்தியால் சாப்பிடும் நேரத்தில் நறுக்கி, எலுமிச்சைச் சாறு பிழிந்துகொண்டால் போதும். காலையிலேயே நறுக்கி டப்பாவில் அடைத்து எடுத்துப் போக வேண்டாம்.

இதுவரை சாப்பிட்டதை நினைத்துக் கலங்காதீர்கள். உடம்பு நன்றாக இருந்தால் பரிசோதனை எதுவும் தேவையில்லை. ஆனால் இந்தக் கிருமி சில வாரங்கள் கழித்தும் வெளிப்படக்கூடியது. இனி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். அன்றே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சென்று, இந்த சாலட் சாப்பிட்டு வந்ததையும் சொல்லுங்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டால், கர்ப்பகாலத்தில் கொடுக்கக்கூடிய ஆன்டிபயாடிக் மருந்துகள் இருக்கின்றன.